நெஞ்சுக்குழிக்கு இரண்டு விரல் மேலே

புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்பார்கள்.
அப்படியானால் இரண்டு வருஷமாக
மூன்று வேளையும் தவறாமல்
என்னை யாரோ நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.
கடன்காரனாகத்தான் இருக்கும் என்றாள் பூங்காவனம்,
என் உச்சந்தலையில் தட்டிக்கொண்டே.

முதலில் சோறு நின்றது.
பிறகு இட்லி.
பிறகு, வேடிக்கை, தண்ணீர்.
ஆற்றில் தண்ணீர் இல்லாத ஊர் என்று
வேலூரைக் கேலி பேசுகிறவர்கள்
என் நெஞ்சுக்குள் வந்து பார்க்க வேண்டும்,
ஒரு மடக்கு காப்பி
மதகு திறக்காமல் தேங்கி நிற்பதை.

மருந்துக்கடை மணவாளன் கேஸ் என்றான்.
பச்சை மாத்திரை, அப்புறம் ரோஸ் கலர்.
ஓமத்தண்ணி, சீரகத்தண்ணி, இஞ்சிச்சாறு.
சத்துவாச்சாரி டாக்டர் இ.சி.ஜி. எடுத்து
இதயம் யானை மாதிரி இருக்கு என்று
முந்நூறு ரூபாய் வாங்கினார்.
குடியாத்தத்திலிருந்து வந்த மச்சினன்
மனசுல எதையோ வெச்சிருக்கே மாமா, கக்கிடு என்றான்.
மனசில் இருந்தது வரவில்லை.
ஒன்பது மணிக்குச் சாப்பிட்ட சாம்பார் சாதம்
மூன்று மணிக்குத் தலையணைக்கு வந்தது,
புளிக்காமல், கசக்காமல்,
போனது போனபடியே.
வயிற்றை அது பார்க்கவேயில்லை என்று
அப்போது எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்து லாட்ஜில்
முன்மேஜை எனக்கு.
மால்டா, தன்பாத், அகர்தலா என்று
இருபத்திரண்டு வருஷம் ஊர்ப்பெயர் எழுதியிருக்கிறேன்.
வந்த காரணம் என்ற கட்டத்தில்
முதல் வரியில் சிகிச்சை,
கீழே பக்கம் முழுக்க மேற்படி, மேற்படி.
சாலையைக் கடக்க மட்டும் தோன்றவில்லை.
உள்ளூர்க்காரனுக்கு எதற்கு அந்த வரிசை?

பதினாலாம் நம்பர் அறை, மௌசுமி மண்டல், பாங்குரா.
ஒரு மத்தியானம் சாவி கொடுக்க வந்தவள்
மேஜைக்குப் பின்னால் டிபன் பாக்ஸோடு
நான் செய்வதைப் பார்த்துவிட்டாள்.
ஒரு கவளம். அரை டம்ளர் தண்ணீர்.
எழுந்து நின்று முதுகை நிமிர்த்தி
தோளைப் பின்னுக்கு இழுத்து
மூச்சடக்கிக் கீழே தள்ளுவது.
வீட்டில்கூட ஒளித்து வைத்திருந்த வித்தை.
அவள் சிரிக்கவில்லை.
தன் நெஞ்செலும்பின் மேல் விரலை வைத்தாள்.
சரியாக அங்கே.
அவள் பாஷை எனக்கு
ஜல், பாத், கொத்தோ டாக்கா வரைக்கும்தான்.
அதற்கு மேல் தேவைப்படவில்லை.

மறுவாரம் சாலையைக் கடந்தேன்.
மூக்கு வழியாகக் குழாய்.
அஞ்சு மில்லிதாங்க, முழுங்குங்க என்றது ஒரு பெண்குரல்.
பிறகு சுண்ணாம்புக் கரைசல் போல ஒன்று.
திரையில் என் உணவுக்குழாய்
மேலே பையாகத் தொங்கி
கீழே வந்து
குருவி மூக்காய்க் கூர்ந்து முடிந்தது.
கதவு நல்லாத்தான் இருக்கு,
திறன்னு சொல்ற நரம்பு செத்துப்போச்சு என்றார் டாக்டர்.
கேன்சரா என்றேன்.
இல்லை.
மனசாலயா என்றேன்.
இல்லை.
அந்த இரண்டாவது இல்லையைத்தான்
பால் தூக்கைச் சிந்தாமல் கொண்டுபோவது போல
வீடுவரை கொண்டுபோனேன்.

அடுத்த மாதம் பலூன் விட்டு விரிப்பார்களாம்.
முழுசாகச் சரியாகாதாம். சோறு இறங்குமாம்.

பதினாலு காலியாகிவிட்டது.
மேஜைமேல் முடிச்சுப் போட்ட ஒரு கவர்:
முறி என்பார்கள், நம் பொரிதான்,
கொஞ்சம் கடுகெண்ணெய் வாசனை.
அவளுக்கு இறங்காதது
எனக்கு மட்டும் இறங்குமா என்ன,
ஆனாலும் வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

இன்று ராத்திரி கரையப் பிசைந்த ரசஞ்சோறு.
எழுந்து நிற்கிறேன்,
பிள்ளைகள் பார்க்க, முதல்முறையாக.
தோளை இழுத்து, மூச்சடக்கி.
பூங்காவனம் சாப்பிட்டு முடித்து நேரமாகிறது.
கை காய்ந்துவிட்டது அவளுக்கு.
எழுந்திருக்கவில்லை.